சர்க்கரை நோய்ப் பூனைக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு: எந்த வழியில் போவது?

கருப்பட்டிக்கு அந்தப் பெயர் வைத்தபோது அவனுக்குச் சர்க்கரை வரும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். பதினோராம் வயதில், ஆறு கிலோ உடம்போடு, தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தான். மணல் தட்டைச் சுற்றி எறும்பு மொய்த்தது. அம்மாதான் முதலில் சொன்னாள், "இவனுக்குச் சர்க்கரைடா" என்று. டாக்டர் அதற்கு இரண்டு நாள் கழித்துச் சொன்னார்.

அதன்பின் எட்டு மாதத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பு, மூன்று முறை மாத்திரை. மூன்றாவது முறை மாத்திரை முடிந்த பத்தாம் நாளே மறுபடியும் தட்டில் ஏறி முக்கிக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு சொட்டு, அதிலும் ரத்தம்.

இந்த நிலையில் இருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். இன்னும் வீரியமான ஆன்டிபயாடிக் போடலாமா, தினமும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இருக்கலாமா, இல்லை நீர்க்கடுப்புக்கு நல்லது என்று சொல்லப்படும் கிரான்பெர்ரிப் பழச் சத்து வாங்கலாமா? என் விருப்ப வரிசையில் இந்த மூன்றும் கடைசியில்தான் வருகின்றன. நான் மருத்துவன் இல்லை. பூனையைக் கூடையில் வைத்து அலைந்தவன், அலைந்த நேரத்தில் படித்தவன். மருந்தின் அளவை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண் பூனை முக்குகிறது, ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். அது அடைப்பாக இருக்கலாம், ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். சர்க்கரை நோய்ப் பூனை சாப்பாட்டை விட்டு, வாந்தி எடுத்து, சுருண்டு படுத்தாலும் அப்படித்தான். உடனே கிளம்புங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் வைத்துக்கொண்டேன்:

- இந்த வழி தொற்று ஏன் திரும்பி வருகிறது என்பதைத் தொடுகிறதா, வந்ததை மட்டும் அடக்குகிறதா?
- அடுத்த முறை மருந்து வேலை செய்யாமல் போகும் ஆபத்து எவ்வளவு?
- சர்க்கரைக் கட்டுப்பாட்டை இது எந்தப் பக்கம் தள்ளும்?
- என் வீட்டில் இதைத் தினமும் செய்ய ஆள் உண்டா?
- பில்லில் வராத செலவு என்ன?

இவற்றில் நான்காவதைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறோம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசி போட்டாக வேண்டும் என்றால் கல்யாண வீட்டுக்குப் போவதுகூட ஒரு திட்டமிடல்தான்.

## முதலில், இது தொற்றுதானா?

இங்கேதான் நான் எட்டு மாதத்தைத் தொலைத்தேன்.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பூனை அடிக்கடி தட்டுக்கு ஓடி ரத்தம் கலந்து போனால், பெரும்பாலும் அதற்குக் கிருமி காரணமில்லை. காரணம் பிடிபடாத ஒரு சிறுநீர்ப்பை அழற்சிதான் அதிகம். மனஅழுத்தம் அதைத் தூண்டும். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே தணியும். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தவர் மாத்திரைதான் கேட்டது என்று நம்பிவிடுவார். வயதான பூனை, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு சுரப்பு மிகுந்த பூனை, அதிலும் பெண் பூனை என்றால் கணக்கு மாறும். சர்க்கரை நோய்ப் பூனைகளில் ஏறத்தாழ எட்டில் ஒன்றுக்குச் சிறுநீரில் தொற்று இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி. ஆக, சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் எட்டில் ஏழுக்கு இல்லை என்பதும் அதே கணக்குதான்.

தட்டுக்கு வெளியே போவதை வைத்தும் முடிவு கட்ட முடியாது. சர்க்கரை மிகுந்தால் சிறுநீரே அதிகமாகும், தட்டு சீக்கிரம் நனையும், பூனைக்குப் பிடிக்காது. சில பூனைகளுக்கு நரம்பு பாதித்துப் பின்னங்கால் குதிகால் தரையில் பட நடக்கும். அதற்குத் தட்டின் விளிம்பைத் தாண்டுவதே சிரமம். விளிம்பு தாழ்ந்த தட்டு வைத்தாலே சரியாகிவிடும் பிரச்சினைக்கு மாத்திரை கொடுத்தவர்கள் உண்டு.

ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்க்கும் சோதனையில் சர்க்கரையும் கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலம்) ஓரளவு நம்பத்தக்கவை. வெள்ளணுக் கட்டம் பூனை விஷயத்தில் பொய் சொல்லும், நைட்ரைட் கட்டத்தையும் நம்ப முடியாது. தொற்று உண்டா என்று தெரிய, சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று லேபில் பார்க்கும் கல்ச்சர் சோதனைதான் வழி. அதற்குத் தட்டிலிருந்து வழித்தெடுத்த சிறுநீர் ஆகாது. வயிற்றின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்தி சிறுநீர்ப்பையிலிருந்து நேராக எடுக்க வேண்டும். கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. கருப்பட்டியோ நகம் வெட்டும்போது காட்டும் ஆத்திரத்தில் பாதிகூடக் காட்டவில்லை.

## வழி 1: அறிகுறி வந்ததும் மாத்திரை

செலவு குறைவு, அன்றே கிடைக்கும். முதல் முறை வரும்போது, பூனை நன்றாக வலியில் இருக்கும்போது, டாக்டர் அமாக்ஸிசிலின் போன்ற எளிய மருந்தை எழுதினால் அதில் தப்பில்லை. முடிந்தால் அப்போதும் முதல் மாத்திரைக்கு முன்பு சாம்பிளை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது முறையும் இதையே செய்தால் சிக்கல். கேட்காத மருந்தைக் கொடுக்கக் கொடுக்க அதற்கு மசியாத கிருமிதான் மிஞ்சும். தொற்று இருக்கும்வரை இன்சுலினும் சரியாகக் கேட்காது. டாக்டர் இன்சுலினை ஏற்றுவார், தொற்று அடங்கியதும் ஏற்றிய அளவு அதிகமாகி சர்க்கரை சடாரென்று இறங்கும். இது எந்த பில்லிலும் வராது.

இன்னொன்று, வீட்டிலிருக்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம். என்ரோஃப்ளாக்ஸசின் பூனைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் விழித்திரை பாதித்துக் கண் போகலாம். வலிக்குப் பாரசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரை போதும், பூனை பிழைப்பது கடினம்.

## வழி 2: கல்ச்சர் பார்த்து, குறுகிய நாள் மருந்து

செல்லப் பிராணிகளின் தொற்று நோய்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆறு மாதத்தில் இரண்டோ அதற்கு மேலோ, அல்லது பன்னிரண்டு மாதத்தில் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் அது 'திரும்பத் திரும்ப வரும் தொற்று'. அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் கல்ச்சர் இல்லாமல் மருந்து தொடங்கக் கூடாது என்பதே என் கட்சி.

கல்ச்சரின் உண்மையான பயன் மருந்தின் பெயரைச் சொல்வது மட்டும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே கிருமிதானா, புதிதா என்று தெரியும். அதே கிருமி மருந்து நின்றதும் தலைதூக்கினால் எங்கோ ஒளிந்திருக்கிறது. கல், சிறுநீரகத் தொற்று, சிறுநீர்ப்பைச் சுவரில் ஏதாவது வளர்ச்சி. அப்போது பணத்தை ஸ்கேனில் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கிருமி என்றால் உடம்பின் காவல் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை, ஸ்டீராய்டு ஊசி, உடல் பருமனால் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்ய முடியாமை, அடைப்புக்காகச் சிறுநீர்த் துவாரத்தை அகலப்படுத்திய பழைய அறுவைச் சிகிச்சை, இவற்றைத் தேட வேண்டும்.

மருந்தின் நாட்களும் முன்பைவிடக் குறைந்துவிட்டன. அதே வழிகாட்டுதல் சாதாரணத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள் போதும் என்கிறது. புதிதாகத் தொற்றி வந்ததற்கும் அப்படியே. சிறுநீர்ப்பைச் சுவருக்குள் புகுந்து பிடிவாதம் பிடிப்பதற்கு 7 முதல் 14 நாள். சர்க்கரை இருக்கிறது என்பதற்காகவே ஒரு மாதம் இழுக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு தூரம். சாம்பிளைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் லேபில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் துறை உண்டு. பூனைச் சாம்பிளை எந்தக் கிழமை வாங்குவார்கள் என்று முன்பே போனில் கேட்டுவிட்டுப் போங்கள். மனிதர்களுக்கான லேபுக்கு அனுப்பினால் அறிக்கையில் 'கேட்கும்' என்று வரும் மருந்தெல்லாம் பூனைக்கு ஆகாது. முடிவு வரும் இரண்டு மூன்று நாள் பூனை முக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் கஷ்டம்தான். வலிக்கு மருந்து கேளுங்கள், தருவார்கள்.

## வழி 3: மாதக்கணக்கில் சிறு அளவு ஆன்டிபயாடிக்

ராத்திரி ஒரு மாத்திரை, தொற்றே வராது. கேட்க இனிமையாக இருக்கிறது. இதற்குப் பூனையில் நல்ல ஆதாரம் இல்லை, எதிர்ப்புள்ள கிருமியை வளர்க்கும் ஆபத்து நிச்சயம் உண்டு. அந்தக் கிருமி பூனையோடு அதே கட்டிலில்தான் தூங்குகிறது. எல்லா வழியும் அடைந்த பிறகு, நிபுணர் ஒருவர் கண்காணிப்பில் மட்டும். இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

## வழி 4: சர்க்கரையைப் பிடிப்பது

ரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 250 முதல் 300 மில்லிகிராம் தாண்டும்போது பூனையின் சிறுநீரகம் சர்க்கரையைச் சிறுநீரில் விட ஆரம்பிக்கும். எறும்பு வருவது அதனால்தான். கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களும் மந்தமாகும். சில பூனைகளில் கிருமி அந்தச் சர்க்கரையை நொதிக்க வைத்துச் சிறுநீர்ப்பைச் சுவரிலேயே காற்றுக் குமிழிகளை உண்டாக்குவதும் உண்டு.

அப்படியானால் சர்க்கரையைக் குறைத்தால் தொற்று நின்றுவிடுமா? நேர்மையாகச் சொன்னால், உத்தரவாதம் இல்லை. சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் உள்ள பூனைக்கும் தொற்று வருவதை ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. பிறகு ஏன் இதை முதலில் வைக்கிறேன்? மற்ற வழிகளில் தொற்று நிற்காவிட்டால் போட்டதெல்லாம் வீண். இதில் மட்டும் தொற்று நிற்காவிட்டாலும் பூனைக்கு லாபம். எடை சீராகும், கால் நரம்பு தேறும், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலைகூட வரும்.

இந்த வழிக்கு இரண்டு பாதி. ஒன்று இன்சுலின், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. பெரும்பாலும் ஒரு யூனிட் போலச் சிறிதாகத் தொடங்குவார்கள். நம் ஊரில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மருந்துக்கடைகளில் கிடைக்கும் மனிதர்களுக்கான பழைய வகை இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பூனைக்கு அதிகம் எழுதப்படும் க்ளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. ஆரஞ்சுக்குப் பதில் சிவப்பில் க்ளார்ஜினை இழுத்தால் கோடு 2 என்று காட்டும், உள்ளே 5 யூனிட் இருக்கும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கையில் திணித்ததை வீட்டுக்கு வந்து பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

மறு பாதி சாப்பாடு. பூனை மாமிச பட்சிணி, மாவுச்சத்து அதற்குத் தேவையில்லை. உலர் தீனியில் கலோரியில் மூன்றில் ஒரு பங்கு வரை மாவுச்சத்திலிருந்து வருவது சாதாரணம். நம் வீட்டு மீன் சோற்றில் மீனைவிடச் சோறுதானே அதிகம். ஈரத் தீனிக்கு மாறினால் மாவுச்சத்தும் குறையும், தண்ணீரும் கூடவே உள்ளே போகும். கெட்டிக் குழம்பில் துண்டுகள் போட்ட தீனியில் மாவு சேர்த்திருப்பார்கள், அரைத்த கூழ் போன்றதைப் பாருங்கள். கோழியை மட்டும் வேக வைத்துப் போட்டால் கால்சியமும், பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் போதாது, அதற்குரிய கலவை சேர்க்காமல் நீண்ட நாள் ஓட்ட முடியாது.

இதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். ஒரு கிளினிக்கில் 'யூரினரி' என்று போட்ட உலர் தீனியைக் கையில் கொடுத்தார்கள். நீர்க்கடுப்புக்கு நல்லது என்று வாங்கி வந்தேன். அது ஸ்ட்ரூவைட் என்ற வகைச் சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைப்பதற்காகத் தயாரித்த தீனி. கருப்பட்டிக்குக் கல்லே இல்லை, மாவுச்சத்துதான் ஏறியது. சர்க்கரை 400ஐத் தாண்டியது. கல் இருந்தாலும் அதே வகையின் ஈரத் தீனியைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. சோற்றை நிறுத்திவிட்டு இன்சுலினைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தரைதட்டும். தள்ளாட்டம், வெறித்த பார்வை, வலிப்பு. ஈறில் தேனைத் தடவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டிவரும். சாப்பாட்டை மாற்றும் வாரத்தில் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைப்பதும், காது ஓரத்தில் குத்தி வீட்டிலேயே சர்க்கரை பார்ப்பதும் கட்டாயம். மனிதர்களுக்கான க்ளூக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும், அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். கிளினிக்கில் எடுத்தால் பயத்திலேயே அளவு ஏறிவிடும்.

எவ்வளவு இன்சுலின் போட்டும் இறங்கவில்லையா? தொற்று, பல் சீழ், ஸ்டீராய்டு, இவற்றைத் தேடிய பிறகு வளர்ச்சி ஹார்மோன் மிகை உண்டா என்று கேளுங்கள். பிரிட்டனில் சர்க்கரை நோய்ப் பூனைகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில் நான்கில் ஒன்றுக்கு அது இருப்பதாகக் கணக்கிட்டார்கள்.

## வழி 5: ஊசியில்லாத புது மருந்து

பெக்ஸாக்ளிஃப்ளோசின் 2022 டிசம்பரிலும், வெலாக்ளிஃப்ளோசின் 2023இலும் அமெரிக்காவில் பூனைகளுக்கு ஒப்புதல் பெற்றன. ஒன்று மாத்திரை, ஒன்று திரவம், இரண்டும் நாளுக்கு ஒரு முறை வாய் வழியாக. ஊசிக்குப் பயந்த வீட்டுக்கு வரம் மாதிரி. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொண்டுவந்து தருகிறேன் என்றதும் நானும் ஆசைப்பட்டேன்.

ஆனால் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். சிறுநீரகம் சர்க்கரையை மீட்காமல் தடுத்து, சிறுநீரில் தள்ளிவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், சிறுநீரில் எப்போதும் இருக்கும். சிறுநீர்த் தொற்று இதன் பக்க விளைவுகளில் ஒன்றாகவே பட்டியலில் இருக்கிறது. ஏற்கெனவே இன்சுலின் எடுத்த பூனைக்குத் தரக் கூடாது என்பது நிபந்தனை. ரத்தச் சர்க்கரை கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்போதே கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாவதும் உண்டு. புதிதாகக் கண்டறிந்த, மற்றபடி தெம்பான, தொற்றே வராத பூனைக்கு நல்ல தேர்வு. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் பூனைக்கு நான் எடுக்க மாட்டேன்.

## வழி 6: கிரான்பெர்ரி, டி-மேனோஸ்

டி-மேனோஸ் என்பது நீர்க்கடுப்புக்கென்று விற்கும் ஒரு வகை எளிய சர்க்கரை. இரண்டுமே பூனையில் வேலை செய்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை. ஜூஸில் சர்க்கரை வேறு. அந்தப் பணத்துக்கு ஈரத் தீனி வாங்கலாம்.

## வழி 7: மருந்தே கொடுக்காமல் பார்த்துக்கொள்வது

நம்ப மனம் வராத வழி இதுதான். பரிசோதனையில் கிருமி வளர்கிறது, பூனையோ தெம்பாக இருக்கிறது, முக்கலில்லை, ரத்தமில்லை. அறிகுறியில்லாத கிருமிக்கு மருந்து வேண்டாம், சர்க்கரை நோய் இருந்தாலும் அப்படியே என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். மருந்து கொடுத்து ஒரு சாதுவான கிருமியைத் துரத்தினால் அந்த இடத்துக்கு முரடன் வந்து உட்காரலாம்.

காய்ச்சல், சாப்பாட்டில் மந்தம், சிறுநீரக அளவுகள் ஏறுதல், காரணமில்லாமல் இன்சுலின் கேட்காமல் போதல், இவற்றில் எது இருந்தாலும் 'அறிகுறி இல்லை' என்று சொல்ல முடியாது. டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய இடம் அது.

## ஒரே பார்வையில்

| வழி | காரணத்தைத் தொடுகிறதா | எதிர்ப்புக் கிருமி ஆபத்து | வீட்டு உழைப்பு | பில்லில் வராதது |
|---|---|---|---|---|
| உடனே மாத்திரை | இல்லை | அதிகம் | குறைவு | இன்சுலின் அளவில் குழப்பம் |
| கல்ச்சர், குறுகிய மருந்து | காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் | குறைவு | நடுத்தரம் | பயணம், காத்திருப்பு |
| நீண்ட நாள் சிறு அளவு | இல்லை | மிக அதிகம் | தினமும் மாத்திரை | பின்னால் மருந்தே இல்லாமல் போவது |
| இன்சுலினும் சாப்பாடும் | ஓரளவு | இல்லை | மிக அதிகம் | தூக்கம், பயணத் திட்டங்கள் |
| வாய்வழிப் புது மருந்து | எதிர்ப்பக்கம் தள்ளலாம் | இல்லை | குறைவு | கீட்டோன் கண்காணிப்பு |
| கிரான்பெர்ரி வகை | ஆதாரமில்லை | இல்லை | குறைவு | வீண் நம்பிக்கை |
| கண்காணிப்பு மட்டும் | இல்லை | இல்லை | கவனம் வேண்டும் | மனப் பதற்றம் |

## எந்த வீட்டுக்கு எது

இரண்டு பெரியவர்கள் வீட்டில் இருந்து, நேரத்துக்கு ஊசி போட முடியும் என்றால் 4ஐ அடித்தளமாக வைத்து, அறிகுறி வரும்போது மட்டும் 2. நாங்கள் கடைசியில் போனது இந்த வழி. பூனை ஏற்கெனவே மெலிந்து, சிறுநீரகமும் தளர்ந்த முதியதாக இருந்தால் சர்க்கரையை ரொம்ப இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. தாழ்ச் சர்க்கரைதான் அதற்குப் பெரிய எதிரி. அங்கே 2ம் 7ம் போதும்.

தனியாக வாழ்பவர், ஷிஃப்ட் வேலை, ஊசி நேரம் தவறும் என்றால் அதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நேரத்தை ஓரிரு மணி முன்பின் தள்ளி எப்படிச் சமாளிப்பது என்று வழி சொல்வார். சொல்லாமல் விட்டு வேளை தவறினால், சர்க்கரை ஏறியதைப் பார்த்து அவர் அளவைக் கூட்டுவார், தவறாமல் போட்ட நாளில் பூனை விழும். கையில் காசு ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் இருக்கிறது என்றால் அடுத்த மாத்திரைப் பட்டையை விட்டுவிட்டுக் கல்ச்சருக்குக் கொடுங்கள்.

கருப்பட்டிக்கு அதன்பின் பதினாலு மாதத்தில் ஒரு முறை வந்தது. கல்ச்சரில் வேறு கிருமி, ஐந்து நாள் அமாக்ஸிசிலின், முடிந்தது. போன மாதம் வழக்கமான பரிசோதனையில் மறுபடி ஈ.கோலை வளர்ந்தது, அவனோ தட்டுக்கு நாளுக்கு மூன்று முறை போய்விட்டு ஜன்னலில் காக்காயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். டாக்டர் விட்டுவிடச் சொன்னார். விட்டுவிட்டேன், ஆனாலும் காலையில் எழுந்ததும் தட்டைச் சுற்றி எறும்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் காப்பி போடுகிறேன்.